வாகனச் சேவை ஒப்பந்தம் வாங்கலாமா?
உற்பத்தியாளரின் உத்தரவாதம் முடிந்த பிறகு வரும் குறிப்பிட்ட சில பழுதுகளைத் திருத்தித் தர, முன்கூட்டியே பணம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. மொத்தத் திருத்தச் செலவைவிட அதிகமாக வசூலித்தால்தான் விற்பவருக்கு லாபம். ஆகவே பலருக்குக் கட்டிய பணம் திரும்பாது. சாப்பாட்டுக் கடையில் மாதப் பணம் கட்டுவதைப் போன்றது: சாப்பிடாத நாளுக்கும் காசு போகும், கறியும் கடைக்காரர் தீர்மானிப்பதுதான்.

மட்டக்களப்பு வாசகர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஒப்பந்தம் ஏற்கும் கராஜ் இங்கேயோ கல்முனையிலோ இருக்கிறதா என்பதை. கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால் 300 கிலோமீற்றர் ஓட்டம். நான் வாங்கவே மாட்டேன். கடற்காற்றில் பிடிக்கும் துருவையும், தேயும் டயர், பிரேக் கட்டைகளையும் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை.

இதைக் காப்புறுதி என்று சிலர் எண்ணுகிறார்கள். விபத்துச் சேதத்துக்கு இது பணம் தராது, சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புக் காப்புறுதியை எப்படியும் தனியாக எடுக்க வேண்டும்.