ஒரு சொம்பு கூட

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 36, எடை 74 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவர் சொன்னார். ஜனவரியில் ஒரு ஜிம்மில் ஆண்டுச் சந்தா 12,000 ரூபாய் கட்டினேன். ஷூ 4,500. நடையை எண்ணும் கைக்கடிகாரம் 3,000. பயிற்சியாளர் சொன்ன புரோட்டீன் மாவு ஒரு டப்பா 5,200. இதுவரை போனது 19 நாள். வீட்டிலேயே ஒரு டிரெட்மில் இருந்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று தோன்றுகிறது, தவணையில் தருகிறார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. “நம் முன்னோர் ஜிம்முக்கா போனார்கள்?” என்கிறார் அப்பா. வாங்கலாமா? மீதியுள்ள பாதி டப்பாவை என்ன செய்வது?

ச., தருமபுரி

அன்புள்ள ச.,

கூட்டிப் பார்த்தேன். 24,700 ரூபாய். பத்தொன்பது நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சரியாக 1,300. (நிதி நிறுவனத்துக்காரருக்கே கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வெட்கப்பட வேண்டாம். டெல்லாவிக்னா, மால்மென்டியர் என்ற இரு பொருளியலாளர்கள், அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதச் சந்தாவாக 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அங்கேயே பத்து முறைக்கான சீட்டு 100 டாலர்தான். கட்டுரையின் தலைப்பே, ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது என்ற பொருளில் அமைந்தது. சந்தா கட்டிய எல்லோரும் ஒரே மாலையில் வந்து நின்றால் எந்த ஜிம்மிலும் நிற்க இடமிருக்காது என்பதை முதலாளியும் அறிவார்.

பணம் கட்டிய அன்று உடம்பு லேசானதுபோல் இருந்ததா? எனக்கு இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் காவேரிப்பட்டணத்து வீட்டுக்கு ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வந்து இறங்கியது. அன்றிரவு இருபது கிலோமீட்டர் மிதித்தவனைப்போல் தூங்கினேன். மிதிக்கவில்லை, ரசீது மட்டும் சட்டைப்பையில் இருந்தது. உங்கள் டிரெட்மில்லும் அப்படி ஓர் இரவுத் தூக்கத்தைக் கட்டாயம் தரும். பிறகு தவணை இருக்கும்.

அப்பா சொல்வதும் சரியில்லை. என் பாட்டி திரிகையில் ராகி அரைத்தவள். வீடு முழுவதற்கும் நின்றபடி துடுப்புப் போட்டுக் களி கிண்டியவள். ஐம்பது வயதில் முழங்கால் போய்விட்டது. கடைசிப் பத்து வருடம் திண்ணையிலிருந்து வாசலுக்குத் தவழ்ந்துதான் வந்தாள். களி வேகும்வரை துடுப்பை நிறுத்த முடியாது. தண்டாலைப் பத்தோடு நிறுத்தலாம். அந்தச் சலுகை பாட்டிக்குக் கிடைக்கவில்லை. ஆகவே முன்னோர் பெருமையை விடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது: வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. வேகமாக நடந்தாலே முதல் பாதி முடிந்தது. அந்தக் கடிகாரம் கேட்கும் 10,000 காலடியும் சாஸ்திரமல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே ‘பத்தாயிரம் காலடி மானி’. அங்கிருந்து பிடித்த எண் அது.

இரண்டாம் பாதிதான் உங்களுக்கு முக்கியம். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. தொடைத் தசை பெரியது. நாற்காலியில் உட்காரப் போவதுபோல் இறங்கி, இருக்கை தொட்டதும் எழுந்திருங்கள். பத்து முறை. தண்டால் தரையில் வராவிட்டால் மாடிப்படியின் நான்காவது படியில் கையை ஊன்றுங்கள். பழகப் பழக மூன்று, இரண்டு என்று படி இறங்குங்கள். முதுகுக்குத்தான் வீட்டில் சாமான் கிடையாது என்பார்கள். தண்ணீர் வாளி இருக்கிறதே! ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் வாளியை இடுப்புவரை இழுத்து இறக்குங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஐந்து லிட்டரில் தொடங்கி, எளிதாகிவிட்ட வாரத்தில் ஒரு சொம்பு ஊற்றுங்கள். அரை கிலோவாக ஏற்றும் வசதி பல ஜிம்களின் இரும்புத் தட்டுகளில் இல்லை. நான் பையனின் பழைய புத்தகப் பையில் ஐந்து கிலோ ராகியைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மூன்றாம் நாள் தையல் விட்டு, கீழ்ப்படியிலிருந்து மொட்டை மாடிவரை ராகி கோடு போட்டிருந்தது. எறும்பு வரும் என்றாள் மனைவி, வந்தது. பையை மாற்றினேன்.

ஜிம்மே வீண் என்று சொல்லவில்லை. கனமான எடை தூக்க ஆசைப்படுபவருக்கு அதுதான் இடம். நாலு பேர் நடுவில்தான் கை ஓடும் என்பவருக்கும் அப்படியே. ஆனால் விடிகாலையில் உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். காவலர் தேர்வுக்குப் பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேர் வெறுங்காலில். அவர்களுக்குத் தேர்வுத் தேதி என்று ஒன்று இருக்கிறது. நீங்களும் அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு ஒரு தேதி குறியுங்கள். அதற்கு முன் டிரெட்மில் கடைப்பக்கம் போகாதீர்கள். மூட்டு வலியோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

மாவு விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். உங்களுக்கு 61 கிராம் போதும். நூறு கிராம் கொள்ளில் சுமார் 22, நிலக்கடலையில் சுமார் 25, ஒரு முட்டையில் 6. உடம்பை ஏற்றப் புரத மாவு வேண்டாம் என்று 2024 உணவு வழிகாட்டியிலும் சொல்லிவிட்டார்கள். அந்நாளில் தகடூர் எனப்பட்ட உங்கள் ஊரில் நீண்ட ஆயுளுக்கென்று பேர்பெற்ற ஒரே பொருள் நெல்லிக்கனி. அதையும் அதியமான் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்துவிட்டான்.

பாதி டப்பாவைக் கொட்ட வேண்டாம். மருத்துவர் தடுக்கவில்லையென்றால் காலாவதித் தேதிக்குள் கரைத்துக் குடித்துத் தீர்த்துவிடுங்கள். டப்பாவைக் கழுவி மனைவியிடம் கொடுங்கள், ராகி போட்டு வைக்கட்டும். மூடி நல்ல இறுக்கம், எறும்பு ஏறாது.