பிரிண்டர் கேட்கும் பாஸ்வேர்டு

கேள்வி: அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரில் ஷேர் செய்திருக்கும் பிரிண்டரை என் கம்ப்யூட்டரில் சேர்க்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. முன்பெல்லாம் டபுள் க்ளிக் செய்தாலே போதுமே சார்?

பதில்: போதும்தான், 2021 ஆகஸ்ட் வரைக்கும். 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க விண்டோஸுக்கு வந்த அப்டேட்டுக்கு அப்புறம், அட்மின் உரிமை உள்ளவர்தான் பிரிண்டர் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நிறுவ முடியும், டிரைவர் என்ற பெயரில் யாரும் எதையும் உள்ளே இறக்கிவிடக் கூடாதே! அதனால் ஷேரிங்கில் 'எவ்ரிஒன்' என்று எல்லோருக்கும் அனுமதி போட்டும் பிரயோஜனம் இல்லை. சிஸ்டம் பார்ப்பவரைக் கூப்பிட்டு, அங்கே இருக்கும் அதே டிரைவரை, வெர்ஷன் கூட மாறாமல், உங்கள் கம்ப்யூட்டரில் ஒருமுறை நிறுவச் சொல்லுங்கள். பிறகு பெரும்பாலும் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு 0 போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். வேண்டாம், அடைத்த ஓட்டையைத் திறக்கிற வேலை அது.