கேப் குறைந்தும் எங்கள் பில் ஏன் குறையவில்லை?

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அக்கா. இந்த 2025 மார்ச் 1-ம் தேதி கரண்ட், கேஸ் இரண்டையும் ஒரு வருடத்துக்கு ஒரே விலையில் ஃபிக்ஸ் செய்தோம். ஜூலையில் பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம், பிரைஸ் கேப்பை (விலை உச்சவரம்பை) 7 சதவீதம் குறைத்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு ஒரு பென்னி குறையவில்லை. இப்போது அக்டோபரில் 2 சதவீதம் கூட்டிவிட்டார்கள். கூட்டும்போது மட்டும் எங்களுக்கும் கூடுமா? பாதியில் வெளியே வர கரண்டுக்கு 50, கேஸுக்கு 50 பவுண்டு கட்டச் சொல்கிறார்கள். கட்டிவிட்டு வந்துவிடலாமா? "நீங்க ஏமாந்துட்டீங்க" என்று மாமனார் தினமும் சொல்கிறார். பில்லின் நகலை இணைத்திருக்கிறேன்.
வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: நீங்கள் ஏமாறவில்லை. இன்றைக்கே மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். நூறு பவுண்டு கட்டி வெளியேறவும் வேண்டாம்.

பிரைஸ் கேப் என்பது ஃபிக்ஸ் செய்யாமல் மாறுபடும் கட்டணத்தில் இருக்கும் வீடுகளுக்குப் போட்ட வரம்பு. அது 2019 ஜனவரியில் வந்தது. முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள்; 2022 அக்டோபரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நீங்கள் செய்திருப்பது தனி ஒப்பந்தம். அதனால் கேப் குறைந்தாலும் கூடினாலும் பிப்ரவரி கடைசி வரை உங்கள் விலை அப்படியே நிற்கும். ஜூலையில் குறையாததற்கும் அக்டோபரில் கூடாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2025 அக்டோபர் கேப் என்று செய்தியில் வந்த 1,755 பவுண்டு உங்கள் பில்லுக்கான வரம்பு அல்ல. வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் எரிக்கிற ஒரு சராசரி வீட்டை மனத்தில் வைத்துச் சொன்ன தொகை அது. வரம்பு இருப்பது ஒரு யூனிட்டின் விலைக்கும், தினப்படி விழுகிற ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். நிறைய எரித்தால் 1,755-ஐத் தாண்டி எவ்வளவு வேண்டுமானாலும் வரும். அதனால் செய்தியில் சொல்கிற சதவீதத்தை வைத்து யாரும் தங்கள் ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று முடிவுக்கு வரக்கூடாது. பில்லைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் பில்லுக்கு வருவோம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை விட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். கரண்ட் யூனிட்டுக்கு 25.40 பென்ஸ், கேஸ் யூனிட்டுக்கு 6.25 பென்ஸ். உங்களைச் சங்கடப்படுத்திய அந்த ஜூலைக் குறைப்புக்குப் பிறகும் கேப் விலை, நாட்டுச் சராசரியாக, கரண்டுக்கு 25.73, கேஸுக்கு 6.33. அதாவது குறைந்த பிறகும் உங்கள் விலையை அது தொடவில்லை! 2025 அக்டோபரில் கரண்ட் 26.35 ஆகிவிட்டது, கேஸ் 6.29. ஊருக்கு ஊர் இது கொஞ்சம் மாறும், ஸ்டாண்டிங் சார்ஜும் மாறும். லண்டனுக்கான விலை ஆஃப்ஜெம் தளத்தில் இருக்கிறது, ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். யூனிட் விலையைப் பொறுத்தவரை நீங்கள் நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் விலை கேப்பைவிடக் கூடுதலாக இருந்திருந்தாலும் உடனே வெளியேறச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு யூனிட்டுக்கு எத்தனை பென்ஸ் கூடுதல், ஒப்பந்தம் முடிவதற்குள் இன்னும் எத்தனை யூனிட் எரிப்பீர்கள், இரண்டையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அந்தத் தொகை நூறு பவுண்டைத் தாண்டினால்தான் வெளியேறுவதில் அர்த்தம் இருக்கிறது. இதில் மாதக் கணக்கும் முக்கியம். ஜூலையில் ஹீட்டிங் ஓடாது. கேஸ் என்றால் சமையலும் குளியலும்தான். அப்போது விலை குறைந்து பெரிய லாபம் இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் கேஸ் மீட்டர் ஓடும். அந்த மாதங்களில் விலை நிலையாக இருப்பதற்காகத்தான் நம்மைப் போன்ற வீடுகள் ஃபிக்ஸ் செய்கின்றன.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2021-ல் நாங்கள் இரண்டு வருடத்துக்கு ஃபிக்ஸ் செய்திருந்தோம். அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் கம்பெனி மூழ்கிவிட்டது. முன்பணமாக நின்ற தொகை பத்திரமாகப் புதிய கம்பெனிக்குப் போனது, ஆனால் ஃபிக்ஸ் விலை போய்விட்டது. நேரே கேப் விலைக்கு வந்து நின்றோம். 1,277 பவுண்டாக இருந்த கேப் அடுத்த ஏப்ரலில் 1,971 ஆனது. அன்றிலிருந்து மாதம் பிறந்ததும் மாடிப்படிக்குக் கீழே டார்ச் அடித்து இரண்டு மீட்டரையும் படித்து நோட்டில் எழுதிவைக்கிறேன்.

அதே 2022 ஆகஸ்டில், அக்டோபர் கேப் 3,549 என்று அறிவித்த அன்று, என் தோழி பயந்துபோய் மிகக் கூடிய விலையில் ஒரு வருடத்துக்கு ஃபிக்ஸ் செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வாரம் எல்லார் வீட்டிலும் அதே பயம்தான். சில நாளில் அரசாங்கம் சராசரி வீட்டுக்கு 2,500 என்று விலையை இறக்கியது. நல்லவேளை, ஃபிக்ஸ் செய்தவர்களையும் அதில் சேர்த்தார்கள்: கரண்ட் யூனிட்டுக்கு 17 பென்ஸ் வரை, கேஸுக்கு 4.2 பென்ஸ் வரை தானாகவே கழிந்தது. ஆனால் 2023 ஜூலையில் கேப் 2,074-க்கு இறங்கியபோது அந்தக் கழிவு நின்றுவிட்டது. அப்போதுதான் அவளைக் கம்பெனிக்குப் போன் போட்டு வெளியே வரச் சொன்னேன். அவள் கணக்குக்கு அது சரி; உங்கள் கணக்கு வேறு.

நீங்கள் கவனிக்க வேண்டியது பிப்ரவரியை. ஒப்பந்தம் முடிகிற நாளைக்கு 49 நாள் இருக்கும்போதிலிருந்து வெளியேறும் கட்டணம் கேட்கக்கூடாது என்பது விதி. பிப்ரவரி 28-லிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜனவரி 10. அந்த வாக்கில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதமோ மெயிலோ வரும். அதை விளம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் மார்ச் 1-ம் தேதி தானாகவே மாறுபடும் கட்டணத்துக்குப் போய்விடுவீர்கள். அன்றிலிருந்து கேப் ஏறினால் உங்களுக்கும் ஏறும். ஜனவரி 10-க்குப் பிறகு ஒரு மாலை உட்கார்ந்து, அப்போது கிடைக்கிற ஃபிக்ஸ் விலைகளை உங்கள் 25.40, 6.25-க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: ஃபிக்ஸ் செய்தும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் எங்கள் டைரக்ட் டெபிட் மாதம் 128-லிருந்து 151 பவுண்டு ஆகிவிட்டதே, இது நியாயமா?
வாசகி, ஹாரோ

பதில்: ஃபிக்ஸ் ஆவது யூனிட் விலையும் ஸ்டாண்டிங் சார்ஜும் மட்டும். மாதத் தொகை, நீங்கள் வருடத்துக்கு இவ்வளவு எரிப்பீர்கள் என்று கம்பெனி போடுகிற மதிப்பீடு. பில்லில் மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் 'எஸ்டிமேட்டட்' (உத்தேசக் கணக்கு) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றே மீட்டரைப் படித்து அனுப்புங்கள், மீட்டரைப் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். சென்ற வருடத்தைவிடக் கூடுதலாக எரிக்கவில்லை, கணக்கில் பாக்கியும் இல்லை என்றால், 151 எப்படி வந்தது என்று கேட்டு விளக்கம் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. போனில் கேட்பதைவிட மெயிலில் கேளுங்கள்.