வெள்ளை கலந்த இலைச் செம்பருத்தி: இலை கருகாமல், பச்சைக்குத் திரும்பாமல் வளர்ப்பது எப்படி?

கேள்வி: வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த இலையுள்ள செம்பருத்தியைத் தொட்டியில் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பகுதி கருகுகிறது, சில கிளைகள் முழுப் பச்சையாக வருகின்றன, மொட்டும் உதிர்கிறது. என்ன செய்ய வேண்டும்? தரையில் நட்டால் சரியாகுமா?

பதில்:

இலையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பச்சையம் கிடையாது. அந்த இடம் உணவு தயாரிக்காது, பச்சைப் பகுதி தயாரிப்பதை வாங்கித் தின்னும். அதனால் இந்தச் செடி குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறது. சாதாரணச் செம்பருத்திக்குக் கொடுக்கும் தண்ணீர், உரம், வெயில், கவாத்து எல்லாவற்றையும் அதே அளவில் இதற்கும் கொடுத்தால் தாங்காது. நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகின்றன.

பரவலாகக் கிடைப்பவை இரண்டு ரகங்கள். 'கூப்பரி'யின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு மூன்றும் வாரித் தெளித்தது போல் இருக்கும், பூ சிறியது, சிவப்பு. 'ஸ்நோ குயின்' இலை அகலம், நடுவில் சாம்பல் பூத்த பச்சை, ஓரத்தில் வெள்ளை, அதற்கும் சிவப்புப் பூதான். உங்களுடையது கூப்பரி என்று நினைக்கிறேன். வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. இரண்டையும் இலைக்காகத்தான் வைக்க வேண்டும். பச்சைச் செம்பருத்தி அளவுக்குப் பூக்கவில்லையே என்று உரத்தை அள்ளிக் கொட்டுவதில்தான் பலருடைய செடி கெடுகிறது.

முதலில் பச்சைக் கிளை, ஏனென்றால் அவசரம் அதற்குத்தான். பச்சையம் உண்டாக்கும் செல்களும் உண்டாக்காத செல்களும் ஒரே தண்டின் நுனியில் சேர்ந்திருப்பதால்தான் இந்த நிறக் கலவை வருகிறது. ஏதாவது ஒரு கிளை மொட்டு பச்சைச் செல்களிலிருந்து மட்டும் கிளம்பினால் அந்தக் கிளை முழுக்கப் பச்சையாக இருக்கும். அதற்கு உணவுத் தட்டுப்பாடு இல்லை, மற்ற கிளைகளை விட வேகமாக ஓடும். விட்டுவைத்தால் ஒன்றிரண்டு வருடத்தில் செடியையே மூடிவிடும்.

வெட்டும் இடம் முக்கியம். நுனியைக் கிள்ளினால் கீழே மீந்திருக்கும் கணுக்களிலிருந்து இரண்டு மூன்று பச்சைத் துளிர்கள் கிளம்பும், தொல்லை பெருகும். கிளையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி வாருங்கள். வெள்ளை கலந்த இலை முதலில் எந்தக் கணுவில் தென்படுகிறதோ அதற்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் பார்த்த மொட்டு இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். அடித்தண்டிலிருந்தே பச்சையாகக் கிளம்பியிருந்தால் அடியோடு எடுத்துவிடலாம். ஆனால் துளிர் வந்த உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், நான்கைந்து இலை விரியும் வரை பொறுங்கள். நிழலில் இருக்கும் செடியில் எல்லா இலையுமே மங்கிப் பச்சை கூடித் தெரியும், இளஞ்சிவப்பு காணாமல் போகும். அது பச்சைக்குத் திரும்பியது ஆகாது. வெளிச்சத்துக்கு நகர்த்தினால் அடுத்து வரும் இலைகளில் நிறம் வந்துவிடும்.

முழு வெள்ளையாகக் கிளை வந்தால் பார்க்க அழகுதான். மற்ற கிளைகள் போடும் சோற்றில் வாழ்கிறது, முதல் கோடையிலேயே கருகும். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள், செடியில் கால்வாசிக்கு மேல் போனால் குறைத்துவிடுங்கள்.

கருகல் எதனால் என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெயில் பட்ட பக்கத்து இலைகளில் மட்டும், வெள்ளைத் திட்டின் நடுவில் காகிதம் போல் காய்ந்த பழுப்புப் புள்ளி வந்து, அதே இலையின் பச்சைப் பகுதி நன்றாக இருந்தால் அது வெயில். எல்லாப் பக்கமும் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகி, தொட்டியின் விளிம்பிலோ மண் மேலோ வெள்ளைப் படிவு தெரிந்தால் அது உப்பு. அதாவது உரம் அதிகம், அல்லது தண்ணீர் உப்பு.

வெயில் என்றால், காலையில் 4 முதல் 5 மணி நேரம் நேரடி வெயில் படட்டும், நண்பகலுக்கு மேல் நிழல் வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால் 30 முதல் 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். மொத்தமாக நிழலில் வைத்துவிடவும் கூடாது, பூ நின்றுபோகும், கணு இடைவெளி நீண்டு செடி ஒல்லியாகும். நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றும்போது ஒரே நாளில் தூக்கி வைக்காமல், 10 நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். உப்பு என்றால், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓட விடுங்கள், பிறகு ஒரு மாதம் உரம் வேண்டாம். கருகிய இலை எதுவானாலும் திரும்பப் பச்சை ஆகாது, புது இலை சுத்தமாக வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

தொட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் இந்தச் செடிக்குப் பொருந்தாது. வேர் மெதுவாகத்தான் ஓடும். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். சின்னக் கன்றுக்கு 8 அங்குலம், ஓரளவு வளர்ந்ததற்கு 12 அங்குலம், அதன்பின் ஒவ்வொரு முறையும் 2 அங்குலம் மட்டும் கூட்டினால் போதும். மண் தொட்டி என்றால் ரொம்ப நல்லது. கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் சூடேறி ஓரத்து வேர்களை வேக வைத்துவிடும், அதுதான் இருக்கிறது என்றால் இன்னொரு தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். கலவைக்குத் தோட்ட மண் 2 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு, கழுவிய கோகோபீட் (தென்னை நார்த் துகள்) 1 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் தாதுத் துகள்) அல்லது பருமணல் 1 பங்கு. தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிடத்துக்குள் அடியில் வெளியேற வேண்டும். மேலே தேங்கி நின்றால் மணலைக் கூட்டுங்கள்.

விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல் 1 அங்குலம் காய்ந்திருந்தால் அடியில் வழியும் வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். நண்பகலில் இலை தொங்குவதை மட்டும் பார்த்து ஊற்றாதீர்கள். மண் ஈரமாக இருந்தும் தொங்குகிறது என்றால் வெப்பம் காரணமாக இருக்கலாம், மாலையில் நிமிர்ந்துவிடும். மாலையிலும் நிமிராமல், மண்ணிலும் ஈரம் இருந்தால் வேர் அழுகல் என்று சந்தேகப்பட்டுச் செடியை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெளிறி உறுதியாக இருக்கும், அழுகியது பழுப்பாகி விரலில் தோல் உரிந்து வரும்.

உரத்தில் செம்பருத்திக்குப் பொட்டாசியம் கூடுதலாகவும் பாஸ்பரஸ் குறைவாகவும் இருக்க வேண்டும். பூப்பதற்கென்று விற்கும் பாஸ்பரஸ் அதிகமான உரங்களும் எலும்புத்தூளும் இதற்கு வேண்டாம். பாஸ்பரஸ் மண்ணில் சேரச் சேரச் செடிக்கு இரும்புச்சத்து கிடைப்பது தடைபடும். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினாலோ சதைப்பற்றான பெரிய இலைகள் வரும், பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். வளரும் காலத்தில் 15 நாளுக்கு ஒரு முறை, நீரில் கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம் போதும், அதுவும் ஈர மண்ணில்தான். மாதம் ஒரு முறை பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு 1 கிராம் சேர்க்கலாம். குளிரில் வளர்ச்சி நிற்கும்போது உரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

இரும்புப் பற்றாக்குறையை இந்த ரகத்தில் கண்டுபிடிப்பது சிரமம், வெளிறிய இலை இயல்பாகவே இருப்பதால். கொழுந்து இலையின் பச்சைத் திட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு இடையில் மஞ்சளாகவும் இருந்தால் அதுதான். மண்ணின் பிஹெச் (அமில, கார அளவு) 6 முதல் 6.8 வரை இருக்க வேண்டும், 7.5 தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. அப்படிப்பட்ட காரமண்ணில் சாதாரண இடிடிஏ (EDTA) வகை இரும்பு உரம் பயன்படாது, இடிடிஹெச்ஏ (EDDHA) வகைதான் வேலை செய்யும்.

மொட்டு உதிர்வுக்குக் காரணம் பல. மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாவது, இடம் மாற்றியது, திடீர் வெப்பம், இவற்றால் உதிர்ந்தால் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகும். அப்படியும் தொடர்ந்தால் உதிர்ந்த மொட்டு ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் பிரித்துப் பாருங்கள். மெல்லிய கோடு போல ஊரும் பூச்சி இருந்தால் இலைப்பேன், உள்ளே சிறு புழு நெளிந்தால் மொட்டு ஈ. புழு என்றால் மொட்டுகளைத் தினமும் பொறுக்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் பெரிய மருந்து. மண்ணில் விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும்.

இந்த ரகத்துக்கென்றே ஒரு சங்கடம் உண்டு, மாவுப்பூச்சி வெள்ளை இலையில் கண்ணுக்குத் தெரியாது. எறும்பைக் கவனியுங்கள். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் இலைக்காம்பும் தண்டும் சேரும் மூலையைத் திருப்பிப் பாருங்கள், பஞ்சு ஒட்டியிருக்கும். கொழுந்து சுருண்டு கொத்தாக முடங்கியிருந்தாலும் மாவுப்பூச்சியாக இருக்கலாம், அந்த நுனியை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். மீதிக்கு வேகமான தண்ணீர், பிறகு வேப்ப எண்ணெய் 5 மில்லி, மிதமான திரவ சோப்பு 1 முதல் 2 மில்லி, தண்ணீர் 1 லிட்டர் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். வெள்ளைப் பகுதி எண்ணெய்க்கு எளிதில் வெந்துவிடும், ஆகவே முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் கவாத்து தேவை, ஆனால் ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். இலை போனால் இதன் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். குளிர் முடிந்து துளிர்க்கத் தொடங்கும் நேரம் ஏற்றது. வெட்டிய பிறகு பூவுக்கு இரண்டு மாதமாவது காத்திருக்க வேண்டும்.

தரையில் நட்டால் வேருக்கு இடம் கிடைக்கும், செடி ஆள் உயரம் வரை போகும். வெயில் தொல்லையும் பச்சைக் கிளையும் அங்கும் வரும், நகர்த்தும் வசதி மட்டும் போய்விடும். தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, வேறு செடியிலிருந்து 3 முதல் 4 அடி தள்ளி நடுங்கள். இரவில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் போகும் ஊர் என்றால் தொட்டியிலேயே வைத்துக் குளிரில் உள்ளே எடுத்துக்கொள்வது நல்லது, உறைபனி பட்டால் செடி தப்புவது கடினம்.

இன்னொரு செடி இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். விதை இந்த நிறத்தைத் தராது, குச்சிதான் வழி. பென்சில் பருமனில், பாதி முற்றிய, 5 அங்குலக் குச்சி எடுங்கள். பச்சையும் வெள்ளையும் ஏறக்குறைய சமமாக இருக்கும் கிளையாகத் தேர்ந்தெடுங்கள். முழு வெள்ளைக் குச்சி சொந்தக் காலில் பிழைக்காது, முழுப் பச்சைக் குச்சி பச்சைச் செடியைத்தான் தரும். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, வேரூக்கித் தூளில் தொட்டு, ஈரக் கோகோபீட்டும் பெர்லைட்டும் சமமாகக் கலந்ததில் ஊன்றி, பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும், பச்சை ரகத்தை விடத் தாமதம். மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது எதிர்த்து நின்றால் வேர் வந்துவிட்டது, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பையைப் படிப்படியாகத் திறந்துவிடுங்கள்.