மடக்குக் கத்தி: வாங்கும் முன் மூடிப் பாருங்கள்

சமையலறைக் கத்திகளைப் பற்றிச் சென்ற முறை எழுதியதும், "சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கத்தியை விட்டுவிட்டீர்களே" என்று கடிதங்கள் வந்தன. பலரும் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த ஒரு கத்தியை நினைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆகவே இம்முறை முழுக்க அதற்கே.

கேள்வி: என் அப்பாவிடம் பித்தளைப் பூண் போட்ட, இரண்டு அலகுகள் உள்ள மடக்குக் கத்தி ஒன்று இருந்தது. வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. அதுபோல் ஒன்று வாங்கப் போனால் பன்னிரண்டு கருவிகள் கொண்டதையும், பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறப்பதையும் காட்டுகிறார்கள். பழைய மாதிரிக் கத்தியில் நல்லது எது, மட்டமானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொத்தான் கத்தி வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் அதைப் பார்ப்பவர்கள் உங்களைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

உங்கள் அப்பா வைத்திருந்தது 'ஸ்லிப்ஜாயின்ட்' என்ற வகை. அதில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் நீளவாக்கில் ஓர் எஃகு ஸ்பிரிங் ஓடும். அலகின் அடிப்பகுதியை அது அழுத்திக்கொண்டே இருப்பதால், திறந்தாலும் மூடினாலும் அலகு அந்தந்த நிலையில் நிற்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே ஏற்பாடுதான். கத்தியின் தரம் முழுவதும் அந்த ஸ்பிரிங்கும் அச்சாணியும் எவ்வளவு நுணுக்கமாகப் பொருந்தியிருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

கத்தியைக் கையில் வாங்கியதும் எல்லாரும் கட்டைவிரலை வைத்துக் கூர் பார்க்கிறார்கள். கூரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மழுங்கிய கத்தியை அரைமணி நேரத்தில் தீட்டிவிட முடியும். ஆடுகிற கத்தியை வீட்டில் சரிசெய்வது நடக்காத காரியம்.

முதலில் கத்தியை மூடியபடி விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு, அலகு உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஒற்றை அலகு என்றால் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கத் தகட்டை உரசக் கூடாது. இரண்டு அலகுகள் உள்ள கத்தியில் ஒன்றையொன்று மெல்ல உரசினால் மன்னித்துவிடலாம். இனி, அலகைத் திறந்து பிடியின் முதுகை விரலால் தடவுங்கள். ஸ்பிரிங்கும் முதுகும் ஒரே மட்டமாக இருந்தால் நல்லது. மேடோ பள்ளமோ விரலில் இடறினால் செய்தவர் அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள். திறந்த அலகின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். அசைவே இருக்கக் கூடாது.

இதற்குப் பிறகு மூடிப் பாருங்கள். மெதுவாக மடக்கும்போது ஓர் இடத்துக்கு மேல் ஸ்பிரிங் தானே அலகை இழுத்துக்கொள்ள வேண்டும், இடையில் தேங்கக் கூடாது. அடங்கும்போது 'டக்' என்று ஒற்றைச் சத்தம் கேட்க வேண்டும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதை 'வாக் அண்ட் டாக்' என்பார்கள், கத்தியின் நடையும் பேச்சுமாம். பேசாத கத்தியை நான் வாங்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு வீட்டில் உட்கார்ந்து அலகைத் தானாக விழவிட்டுக்கொண்டிருக்காதீர்கள். சில கத்திகளில் கூர் விளிம்பு உள்ளே ஸ்பிரிங்கில் போய் மோதும். விளிம்பின் நடுவில் மட்டும் ஒரு சிறு மழுங்கல் தெரிந்தால் காரணம் இதுதான். கடைசி வரை அலகின் முதுகைப் பிடித்தே மூடுங்கள்.

திறக்கும்போது நகம் வலித்தால் பயப்பட வேண்டாம். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பழக்கினால் சில வாரங்களில் இளகும். தளர்ந்துபோன ஸ்பிரிங் அப்படி இறுகி வராது. அளவைப் பொறுத்தவரை, மூடிய நிலையில் 9 சென்டிமீட்டர் அளவில் இருப்பது பையில் உறுத்தாது. இரண்டு அலகுகளில் ஒன்றை அட்டைப்பெட்டி, கயிறு போன்ற அழுக்கு வேலைக்கும் மற்றதைப் பழத்துக்கும் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். என் சின்ன அலகுக்கு அட்டைப்பெட்டி என்றால் என்னவென்றே தெரியாது.

கேள்வி: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

துடைக்கும் பழக்கம் இருந்தால் கார்பன், இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரயர்லி 1913இல் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கும்வரை எல்லாருடைய கத்தியும் துருப்பிடிக்கக் கூடியதாகத்தான் இருந்தது. அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின் பெயரில் பின்பாதியே துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்தான். நிறுவனத்தை ஆரம்பித்தவருடைய அம்மாவின் பெயரான விக்டோரியா முன்பாதி. 1921இல் இரண்டையும் ஒட்டவைத்தார்கள்.

கார்பன் எஃகு சீக்கிரம் தீட்டுப்படும். புளிப்பான பழம் ஒன்றை நறுக்கியதும் அலகில் நீலமும் ஊதாவும் கலந்த மேகம்போல் ஒரு நிறம் படரும். சில மாதங்களில் அது சாம்பல் நிறமாக நிலைத்துவிடும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறித் தேய்த்துத் தேய்த்து நீக்குகிறார்கள். விட்டுவிடுங்கள், ஓரளவு பாதுகாப்பு அது. செம்பழுப்பாகப் பொடி பூத்தால் மட்டுமே துரு. அதை உடனே எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். வியர்வை அதிகம் சுரக்கும் உடம்பு, கத்தியும் உடம்பை ஒட்டிய பையில் என்றால் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

கேள்வி: இணையத்தில் 'லாகியோல்' என்று போட்ட கத்தி மிக மலிவாகக் கிடைத்தது. ஸ்பிரிங்கின் தலையில் வண்டுகூட இருக்கிறது. அசல்தானே?

வண்டு எதற்கும் சான்றல்ல. லாகியோல் (அந்த ஊர்க்காரர்கள் 'லாயோல்' என்பார்கள்) பிரான்ஸில் அவேரோன் பகுதியில் உள்ள ஒரு கிராமம். காலப்போக்கில் அது ஒரு கத்தி வடிவத்தின் பெயராகிவிட்டது. நெடுங்காலமாக இந்தக் கத்திகளில் பெரும்பகுதி தியேர் என்ற வேறோர் ஊரில்தான் செய்யப்பட்டது. அந்தப் பெயரைத் தாங்கி உலகின் பல மூலைகளிலிருந்தும் கத்திகள் வருகின்றன. எனவே ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, அலகில் செய்தவரின் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போட்டவரைத் தேடிப் பிடிக்கலாம், பழுதுபார்க்கச் சொல்லலாம். பெயரே இல்லாமல் வண்டு மட்டும் இருந்தால் நீங்கள் வாங்கியது வண்டுதான்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு பார்சலைப் பிரிக்கக் கத்தியை எடுத்தேன். பக்கத்து இருக்கைப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் என்ன தவறு செய்தேன்?

எப்படி எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. கறுப்பு அலகு, ஒற்றைக் கையால் 'சடக்'கென்று திறப்பது என்றால் நானும் நாற்காலியைத் தள்ளியிருப்பேன். அதே நீள அலகு சிவப்புப் பிடியில் சிலுவைச் சின்னத்தோடு இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. விக்டோரினாக்ஸை ஆரம்பித்த கார்ல் எல்சனர் 1897இல் பதிவுசெய்த சுவிஸ் அதிகாரிக் கத்தியின் வழிவந்தது அது. ராணுவத்துக்காகப் பிறந்த கத்தி இன்று உலகத்திலேயே சாதுவாகத் தோன்றுவது வேடிக்கைதான்.

மரப்பிடியும் எலும்புப்பிடியும் கூட அதே மரியாதையைப் பெற்றுத் தரும். பொறுமையாக, இரண்டு கைகளாலும் திறங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள், பேசிக்கொண்டே அதைக் கையில் ஆட்டாதீர்கள். யாராவது கேட்டால் மூடித்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வந்த கடித உறையை ஒருநாள் நேர்த்தியாகப் பிரித்துக் கொடுங்கள். அடுத்த மாதம் அவரே "அந்தக் கத்தி இருக்கிறதா?" என்று கேட்பார். பேனாக்கத்தி என்ற பெயரே மேசை வேலையில் பிறந்ததுதானே? இறகுப் பேனாவின் முனையைச் சீவ எழுத்தர்கள் வைத்திருந்தது அது.

கேள்வி: பயணத்தில் எடுத்துப்போகலாமா?

விமானத்தில் கைப்பையில் வேண்டாம், சரக்காக அனுப்பும் பெட்டியில் வையுங்கள். 2013இல் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை சிறிய மடக்குக் கத்திகளைக் கைப்பையில் அனுமதிக்கப்போவதாக மார்ச் மாதம் அறிவித்து, விமானப் பணியாளர்களின் எதிர்ப்புக்குப் பின் ஜூனில் கைவிட்டது. நான் ஒரு விமான நிலையத்தில் எட்டு ஆண்டுகள் பழகிய கத்தியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். முந்தின நாள் உடுத்திய கால்சட்டையையே மறுநாளும் உடுத்தியதால் வந்த வினை. கிளம்பும் முன் பைகளைத் தட்டிப் பாருங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், போகும் இடத்துக்கானதைப் படித்துவிட்டுப் போங்கள். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூர் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை கிடையாது, தகுந்த காரணம் காட்ட வேண்டும். எல்லாரும் சிபாரிசு செய்யும் பிரெஞ்சுக் கத்தியான ஒபினெல் 8ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ., பூட்டு வளையமும் உண்டு. இரண்டு வகையிலும் அது அங்கே சிக்கல். முதல் கேள்வியில் வந்த அப்பாவின் கத்தி மாதிரியானது தப்பித்துவிடும்.

கேள்வி: அந்த ஒபினெல்தான் வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்ததும் அலகு வெளியே வர மறுக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. பீச் மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதி அலகை நெருக்குகிறது. 1890இல் ஜோசப் ஒபினெல் அந்தக் கத்தியை வடிவமைத்த சவோய் மலைப்பகுதியில் இதற்கு ஒரு கைவைத்தியமே உண்டு. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் வால்முனையைக் கெட்டியான மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு நகம் பிடிக்கும் அளவுக்கு எட்டிப் பார்க்கும். அடிக்கடி இப்படி ஆனால், நன்றாகக் காயவைத்து, அலகு உட்காரும் பள்ளத்தின் உட்சுவரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளே ஊறவிடுங்கள்.

கேள்வி: இழுத்தால் கூராகும் என்று ஒரு தீட்டும் கருவி வாங்கினேன். நாலு முறை இழுத்ததும் விளிம்பு ரம்பம்போல் ஆகிவிட்டது.

அந்தக் கருவி தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. மெல்லிய சிறு அலகுக்கு அது எமன். ஆயிரம் எண் கொண்ட சாதாரணத் தண்ணீர்ச் சாணைக்கல் ஒன்று போதும்.

பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை கோணம் என்று எழுதியிருப்பார்கள். அதை அளக்க எதுவும் தேவையில்லை. அலகைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சாய்த்தால் 45, இன்னும் பாதி சாய்த்தால் 22, கொஞ்சம் இறக்கினால் வேண்டிய இடம். விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பு ஓரம் வரை அழிந்தால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் அழிந்தால் அலகைச் சற்று நிமிர்த்துங்கள்.

ஒரே பக்கத்தைத் தீட்டிக்கொண்டே இருங்கள். மறுபக்கம் விரலை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே வருடினால், அடிமுதல் நுனிவரை கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படும்வரை பக்கத்தை மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். பிசிறு வந்ததும் மறுபக்கத்தைத் தீட்டி, கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாறிமாறி இழுத்து அதை உதிர்க்க வேண்டும். பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், விளிம்பு பின்வாங்கும் திசையில் பத்துமுறை வருடினால் முடிந்தது. தினசரித்தாளின் ஓரத்தை அது முனகாமல் வெட்டும். ரம்பமாகிப்போன உங்கள் விளிம்புக்கு முதலில் கரடுமுரடான கல் தேவைப்படும், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

கேள்வி: பெயின்ட் டப்பா மூடியை நெம்பினேன், நுனி உடைந்துவிட்டது. கத்தியைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

மடக்குக் கத்தியை வைத்து நெம்பக் கூடாது என்று உங்களுக்கு இனி யாரும் சொல்லத் தேவையில்லை. நானும் ஒரு நுனியை அப்படித்தான் பறிகொடுத்தேன், என்னுடையது வார்னிஷ் டப்பா.

கத்தியை வைத்துக்கொள்ளுங்கள். நுனி உடைந்தால் கூர் விளிம்பைத் தேய்த்துப் புது நுனி கொண்டுவரப் பார்ப்பார்கள், அது தவறு. அலகின் முதுகை நுனிப் பக்கம் கரடான கல்லில் தேய்த்துக் கீழே இறக்கி, விளிம்பு முடியும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மின்சாரச் சாணையில் கொடுத்தால் எஃகு சூடேறிப் பதம் போய்விடும். கையாலேயே தேய்த்து, அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முடித்ததும் மூடிப் பாருங்கள். புது நுனி பிடிக்குள் முழுதாக அடங்காமல் துளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், முதுகை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் பையில் போட வேண்டும்.