லெனின் எந்த விலங்கு?

கேள்வி: ரஷ்யப் புரட்சியை விலங்குகளின் கதையாகச் சொல்லும் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ நாவல் பற்றி வகுப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும். எந்த விலங்கு எந்தத் தலைவர் என்று ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். லெனினுக்கு மட்டும் விலங்கு கிடைக்கவில்லை. என்ன செய்வது? அட்டவணையை விளக்கினாலே போதுமா?

பதில்: லெனின் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். கிழட்டுப் பன்றி மேஜரின் பேச்சு மார்க்ஸை நினைவூட்டுகிறது. செத்த பிறகு அதன் மண்டையோட்டைக் கொடிக்கம்பத்தடியில் வைத்து எல்லா விலங்குகளையும் மரியாதையாக அணிவகுத்துப் போகச் சொல்வது, மாஸ்கோவில் பதப்படுத்தி வைத்திருக்கும் லெனின் உடலை. ஆக, ஒரே பன்றிக்குள் பாதி அவர், பாதி இவர். குதிரை பாக்ஸரோ தனி ஆளே இல்லை, உழைக்கிற வர்க்கம் மொத்தமும்தான்.

ஆட்களைவிட நிகழ்ச்சிகள்தான் கச்சிதமாகப் பொருந்தும். மரம் வாங்கிவிட்டுக் கள்ளநோட்டு கொடுக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் பிரெடரிக் விவகாரத்தில் 1939 ஹிட்லர் - ஸ்டாலின் ஒப்பந்தம் இருக்கிறது, பன்றிகளும் மனிதர்களும் சீட்டாடும் கடைசிக் காட்சியில் 1943 டெஹ்ரான் மாநாடு. இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும், அட்டவணையை அதற்குமேல் இழுத்தால் வகுப்பு தூங்கிவிடும்.

மீதி நேரத்தைப் பாலுக்குக் கொடுங்கள். புரட்சி முடிந்த கையோடு பன்றிகள் பசுக்களைக் கறக்கின்றன, ஐந்து வாளி நுரைத்த பால். இதை என்ன செய்வது என்று யாரோ கேட்க, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அறுவடை என்கிறது தலைவர் பன்றி நெப்போலியன். சாயங்காலம் திரும்பி வந்தால் பால் இல்லை. அவ்வளவுதான், அத்தியாயமே அங்கே முடிந்துவிடுகிறது. பிறகுதான் அது தினமும் பன்றிகளின் தீவனத்தில் கலக்கப்படுவது தெரியவருகிறது, ஆப்பிளும் அவற்றுக்கே போகிறது. பன்றிகளின் பிரசாரகன் ஸ்குவீலர் வந்து, எங்களுக்குப் பாலே பிடிக்காது, மூளை வேலை செய்கிறவர்கள் என்பதால் உங்களுக்காகத்தான் கஷ்டப்பட்டுக் குடிக்கிறோம், இல்லாவிட்டால் பழைய முதலாளி ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவார் என்கிறது. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்காத ஊர் உண்டா, சொல்லுங்கள்.

கதை திரும்பும் இடமே இதுதான் என்று ஆர்வெல் 1946-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1921-இல் சோவியத் ஆட்சியை எதிர்த்த கிரான்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகளின் கிளர்ச்சி நசுக்கப்பட்டதைத்தான் மனத்தில் வைத்திருந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். எதற்கெடுத்தாலும் மோதிக்கொள்ளும் தலைவர் பன்றிகள் ஸ்னோபாலும் நெப்போலியனும் பால், ஆப்பிள் விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. ஸ்னோபால் நல்ல டிராட்ஸ்கி (ஸ்டாலினின் போட்டியாளர்), நெப்போலியன் கெட்ட ஸ்டாலின் என்று உங்கள் அட்டவணை சொன்னால், அது இங்கேயே உடைந்துவிடும்.

ஸ்டாலினைத் திட்ட மட்டும் எழுதிய கதையா என்று யாராவது கேட்டால், பிரெடரிக்கின் ஆட்கள் பண்ணையைத் தாக்கிக் காற்றாலையை வெடிவைத்துத் தகர்க்கும் இடத்தைக் காட்டுங்கள். எல்லா விலங்குகளும், நெப்போலியன் உட்பட, குப்புற விழுந்தன என்றுதான் முதலில் இருந்தது. ஜெர்மானியர் நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று, அச்சாவதற்கு முன் ‘நெப்போலியன் தவிர’ என மாற்றச் சொன்னார் ஆர்வெல். நையாண்டி எழுதுகிறவனுக்கு இவ்வளவு நிதானம் அபூர்வம்.

நேரம் மிச்சமிருந்தால் பண்ணையின் சட்டங்களை எழுதி வைத்திருக்கும் சுவருக்குப் போங்கள். பன்றிகள் கட்டிலில் படுக்கின்றன என்றதும் குதிரை குளோவருக்குச் சந்தேகம். அதற்குப் படிக்க வராது, ஆட்டைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறது: விரிப்புப் போட்ட கட்டிலில் தூங்கக் கூடாது. விரிப்பு என்ற பேச்சு முன்பு இருந்ததாக ஞாபகமில்லையே என்று குளோவர் குழம்புகிறது, ஆனால் சுவரில் இருக்கிறதே! வகுப்பில் ஒருவரைக் குளோவராகவும் ஒருவரை ஆடாகவும் வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டாம்.

1954-இல் வந்த கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டு மட்டும் பேசாதீர்கள். அமெரிக்க உளவுத்துறை சிஐஏ ரகசியமாகப் பணம் போட்ட படம் அது. முடிவில் விலங்குகள் பன்றிகளை எதிர்த்துக் கிளம்பிவிடும், நாவலில் அப்படி எதுவும் நடக்காது.