யெல்லோஸ்டோனுக்கு இரண்டு நாள் போதுமா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பணிபுரியும் எங்கள் மகன், வரும் ஜூன் மாதம் என்னையும் மனைவியையும், எழுபதைக் கடந்த என் தாயாரையும், ஆறு வயதுப் பேரனையும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறான். காரில் ஐந்து மணி நேரம்தான், இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்கிறான். சரிவருமா?
– வாசகர், திருச்சி

பதில்: சரிவராது. வயோமிங், மொன்டானா, ஐடஹோ என மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் பூங்கா அது. உள்ளே 8 என்ற எண்ணின் வடிவில் சுற்றிவரும் சாலையின் நீளம் சுமார் 229 கிலோமீட்டர்தான் என்பதால் வரைபடத்தில் எல்லாம் அருகருகே இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதில் பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் செல்ல அனுமதியில்லை என்பதோடு, பைசன் என்னும் காட்டெருமைக் கூட்டம் சாலையில் வந்து நின்றுவிட்டால் அது தானாக விலகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக மூன்று முழு நாட்களை ஒதுக்குங்கள்.

முதலில் முடிவாக வேண்டியது தங்குமிடம். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகள் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடும் என்றாலும், பிறர் ரத்து செய்யும் அறைகள் அவ்வப்போது கிடைக்கும். அதற்காக மகனை இணையத்தில் அடிக்கடி பார்த்துவரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மேற்கு வாயிலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் தங்கலாம்.

ஒரு நாள் முழுவதையும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பகுதிக்கே கொடுங்கள். அந்தப் பீறிடும் வெந்நீர் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழும்பும். அடுத்து எழும்பும் நேரத்தைப் பார்வையாளர் மையத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அது அடங்கியதும் கூட்டம் கார்களை நோக்கி ஓடும். நீங்கள் ஓட வேண்டாம். அதைச் சுற்றியுள்ள சமதளப் பாதையில் தாயாரைச் சக்கர நாற்காலியிலேயே அழைத்துச் செல்லலாம். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்கு மட்டும் நண்பகலில் செல்லுங்கள். காலைக் குளிரில் ஆவி மண்டி நிறங்களை மறைத்துவிடும். சுமார் 110 மீட்டர் அகலமுள்ள அந்த ஊற்றின் நடுநீலத்தைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மஞ்சளும் ஆரஞ்சும், சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள் தரும் நிறங்களாகும். இப்பூங்காவின் வெந்நீரில் 1960-களில் தாமஸ் பிராக் கண்டறிந்த அத்தகைய பாக்டீரியா ஒன்றின் நொதிதான் பிற்காலத்தில் பிசிஆர் பரிசோதனைக்கு அடிப்படையாயிற்று. கொரோனாக் காலத்தில் நம் மூக்கில் எடுத்த மாதிரியைச் சோதித்த அதே முறை.

இரண்டாம் நாள் 94 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கீழ் அருவியும் ஹேடன் பள்ளத்தாக்கும்; மூன்றாம் நாள் வடக்கே மேமத் பகுதியில் வெந்நீர் ஊற்றுகள் படியவைத்த சுண்ணாம்புப் படிக்கட்டுகள். ஜூன் என்றாலும் இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி ஆடை அவசியம்.

கேள்வி: பத்ரிநாத்தின் தப்த குண்டத்தில் நீராடிய என் மாமியார், யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலும் குளிக்க ஆசைப்படுகிறார். அனுமதிப்பார்களா? எரிமலைமேல் அமைந்த பூங்கா என்பதால் எனக்கு அச்சமாகவும் இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அனுமதியில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். பல ஊற்றுகள் அந்தச் சூட்டை எட்டியவை. ஊற்றுகளில் விழுந்து வெந்து இறந்தவர்கள் இதுவரை இருபதுக்கும் மேற்பட்டோர். எரிமலையோ கடைசியாக எரிகுழம்பைக் கக்கி 70,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே உங்கள் அச்சத்தை, ஊற்றுகளை ஒட்டி நடப்பதற்காக அமைத்த மரப்பாதையின் விளிம்பின்மீது திருப்புங்கள். அதற்கு அப்பால் தரைபோலத் தெரிவது மெல்லிய ஓடாக இருக்கலாம், குழந்தையின் கையை விடவே கூடாது. இமாசலப் பிரதேசத்தின் மணிகரணில் ஊற்றுநீரில் அரிசி வேகவைப்பதை நினைத்து இங்கே எதையும் இறக்கிவிட வேண்டாம்; 2020-இல் கோழியை ஊற்றில் வேகவைக்கப் போனவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். மார்னிங் குளோரி ஊற்றின் நீலம் மங்கியதற்கும் பார்வையாளர்கள் எறிந்த நாணயங்களும் குப்பையும் காரணம்.

மாமியாரின் ஆசைக்கு வழி உண்டு. வடக்கு வாயிலைக் கடந்து மொன்டானாவுக்குள் ஒரு மணி நேரத்துக்குள் செல்லும் தொலைவில், சிகோ என்னுமிடத்தில், ஊற்றுநீர் நிரப்பிய கட்டணக் குளங்கள் இருக்கின்றன. மேமத் பகுதியைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் அங்கிருந்து நேரே போகலாம்.